ஆறட்டும் என்று நீ சொன்னாய்

தம்பி,

நீ பிறந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. இத்தனை காலத்தில் நான் உனக்கு எழுதியதெல்லாம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்த துண்டுகள்தான். சோறு உள்ளே இருக்கிறது, குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடு, அப்பாவுக்கு மீன் தலையை விட்டுவை. அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை. முதலில் நீ கூப்பிடு தூரத்தில் இருந்தாய், பிறகு போன் இருந்தது. இப்போது போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் தொடங்கினால் நீ "அதை விடுங்கோ அம்மா" என்பாய், நானும் நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிடுவேன். எட்டு வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது. அதனால்தான் இந்த வேலையில் இறங்கியிருக்கிறேன்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, நான் பூசைக்குப் போய்விட்டு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, துரொண்ட்ஹெய்மில் இருந்து நீங்கள் இரண்டு பேரும் வீடியோவில் வந்தீர்கள். காவ்யாதான் கதைத்தாள். அந்தப் பிள்ளை கதைக்கத் தொடங்கினால் எனக்கு இடையில் ஓம் போடக்கூட இடம் கிடைக்காது என்பது உனக்குத் தெரியும். "ஆன்ட்டி, இவர் முன்னாடி வீட்லயே பியர் பண்ணுவாராமே! நீங்க யாருமே சொல்லல. நம்ம கல்யாணத்துக்கு ஒரு தடவை பண்ணுங்கன்னு கேட்டா மாட்டேங்கிறார்" என்றாள். நீ பின்னால் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பிப் பார்க்காமலே, "அது எனக்குச் சரிவராது. எனக்குக் கைராசி இல்லை" என்றாய். அவள் சிரித்தாள். "கைராசியா? அதெல்லாம் டாக்டருக்குத்தானே சொல்வாங்க" என்றாள். நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

உனக்குக் கைராசி இல்லை என்பது பொய், தம்பி. அந்தப் பொய்யை உன் தலையில் ஏற்றிவிட்டவள் நான். அது எப்படி என்று சொல்லப்போகிறேன். ஆனால் எடுத்த உடனேயே அங்கே போகமாட்டேன். கொஞ்சம் முன்னால் இருந்து தொடங்குகிறேன். அந்த நாட்களை நினைத்துப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருக்கிறது.

நாங்கள் மூன்று பேரும் இந்த ஹவுகெட்டோ மூன்றாம் மாடி வீட்டில் சேர்ந்து இருந்த காலம். உனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு, அது பிடிக்கவில்லை என்று நிறுத்திவிட்டு, கடையொன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். அப்பா உன்னோடு கதைப்பதைக் குறைத்திருந்தார். பஸ் ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, டிவிக்கு முன்னால் இருந்து டிவியைப் பார்த்து உன்னைத் திட்டுவார். அந்த நேரத்தில்தான் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "நான் பியர் காய்ச்சப்போறன்" என்றாய். எங்கள் ஊரில் காய்ச்சுவது என்றால் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுவதுதான். பொலிஸ் வந்து பானையை உடைக்கிற விஷயம். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பத்தைக்குள்ளை வைச்சுக் காய்ச்சப்போறாய்?" என்று கேட்டார். நீ சிரிக்காமல், "அம்மான்ரை குசினியிலை" என்றாய். நான் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெற்ற பிள்ளை பல மாதத்துக்குப் பிறகு ஒன்றை ஆசையாகக் கேட்டதும், "என்ரை திருவிழாப் பானையைப் பழுதாக்கிப்போடாதை" என்று மட்டும் சொன்னேன்.

அந்தோனியார் திருநாளுக்கு இருநூறு பேருக்குச் சாம்பார் வைத்த பானை அது. அதற்குள் நீ முளைகட்டி உலர்த்திய பார்லியைப் போட்டு, சுடுதண்ணீரில் ஊறவைத்து, வடித்து எடுத்தாய். தேன் நிறத்தில் இனிப்பான தண்ணீர் வந்தது. "இதுதான் வோர்ட்டர் அம்மா" என்றாய். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் சாப்பிட மறுக்கிற கிழவிகளுக்கு அந்தப் பெயரில் கடையில் விற்கிற கறுத்த இனிப்புப் பானத்தைத்தான் தெம்புக்குக் கொடுப்போம். ஒரு கரண்டி நக்கிப் பார்த்தேன். இதற்குள் வெறி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அது பிறகுதான் வரும். இதை ஈஸ்ட் தின்ன வேணும்" என்றாய். கசப்புக்கு ஹொப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்தாய். மாடிப்படி முழுவதும் மணம். கீழ்வீட்டு நோர்வேக்காரர் கதவைத் தட்டி, இன்றைக்கு என்ன கறி என்று கேட்டார். நீ அவரைக் குசினிக்குள் கூட்டிவந்து மூடியைத் திறந்து காட்டினாய். பத்து வருடமாக எங்களுக்குத் தலையாட்டிவிட்டு மட்டும் போன மனிதர் அன்றைக்கு அரை மணித்தியாலம் நின்று கதைத்தார்.

கொதித்த பானையை ஆறவைக்கவேண்டும். பல்கனியில் முழங்கால் அளவு பனி கிடந்தது. அப்பா, திட்டுவதை மறந்து, "பனிக்குள்ளை இறக்கி வையடா" என்று பானையின் ஒரு காதைப் பிடித்தார். நீ, "இல்லையப்பா, பனி போர்வை மாதிரி. சூட்டை உள்ளுக்குத்தான் வைச்சிருக்கும். குளியல் தொட்டியிலை தண்ணி நிரப்பி வைச்சால் கெதியா ஆறும்" என்றாய். அவர் கேட்கவில்லை. பானை பனிக்குள் ஒரு மணித்தியாலம் இருந்தது, சூடு அடங்கவில்லை. பிறகு மூன்று பேருமாகக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்கியது அதற்கு முன்பு எப்போது என்று எனக்கு நினைவில்லை.

அங்கேதான் ஆற்றுகிற கதை வந்தது. பானை ஆறுவதற்குப் பொறுமையில்லாமல் நான் பெரிய ஜக்கை எடுத்து, அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றத் தொடங்கினேன். நீ பாய்ந்து என் கையைப் பிடித்தாய். "அம்மா, பொறுங்கோ! சூட்டிலை ஆத்தக்கூடாது."

"சூட்டைத்தானேடா ஆத்திறது?"

"இல்லை. சூட்டோடை காத்துப் பட்டால் நிறம் மாறும், பியர் கெதியாப் பழசாப்போகும். முதல் இது ஆறவேணும். ஆறினாப் பிறகு நீங்கள் ஆத்துங்கோ."

"ஆறினதை ஏனடா பிறகும் ஆத்துவான்? உனக்கு விசரோ?"

நீ தொட்டியின் விளிம்பில் இருந்துகொண்டு எனக்கு விளங்கப்படுத்தினாய். கொதிக்கும்போது தண்ணீரில் இருந்த காற்றெல்லாம் போய்விடுமாம். ஈஸ்ட் உயிருள்ள பொருளாம். அது பெருகுவதற்கு முதலில் ஒட்சிசன் வேண்டுமாம். அது இல்லாவிட்டால் சவலைப்பிள்ளை மாதிரிப் பாதியில் களைத்து நின்றுவிடுமாம். கடையில் ஒட்சிசன் குப்பியும், அதைக் குமிழி குமிழியாக விடுகிற ஒரு சின்னக் கல்லும் விற்கிறார்கள் என்றாய், ஆனால் உன்னிடம் அம்மா இருக்கிறபடியால் தேவையில்லை என்றாய். "காத்து இப்பத்தான் குடுக்கவேணும் அம்மா. நீங்கள் தேத்தண்ணி ஆத்திறமாதிரி ஆத்துங்கோ." நான் ஆற்றினேன். கதிரையில் ஏறி நின்று, வாளிக்குள் கை எட்டிய உயரத்தில் இருந்து ஊற்றினேன். நுரை பொங்கிப் பொங்கி வந்தது. "பாத்தீங்களோ, மெஷினாலை இவ்வளவு நுரை வராது" என்று நீ அப்பாவிடம் சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ 'இப்பத்தான்' என்று சொன்னதில் எனக்குக் காற்றுக் கொடுப்பது மட்டும் காதில் விழுந்தது. மிச்சம் விழவில்லை.

அந்த முதல் பியர் நன்றாக வந்தது. உண்மையாகவே நன்றாக வந்தது. குடிக்காத நானே ஒரு சின்னக் கிளாஸ் குடித்தேன். அப்பா இரண்டு போத்தல் குடித்துவிட்டு, "கடையிலை வாங்கிறதிலும் பார்க்கப் பரவாயில்லை" என்றார். அவருடைய வாயில் அதற்கு மேல் புகழ்ச்சி வராது என்று உனக்கும் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் எங்கள் வீடு பேக்கரி மாதிரி மணத்தது. நீ கொப்பியில் எழுதுவாய், நான் ஆற்றுவேன், அப்பா இடைஞ்சல் கொடுப்பார். நான் இந்த நாட்டில் வாழ்ந்த வருடங்களில் எதைத் திருப்பித் தரட்டும் என்று யாராவது கேட்டால், அந்தச் சனிக்கிழமைகளைத்தான் கேட்பேன். நீ பிறந்த நாளைக்கூடக் கேட்கமாட்டேன். அன்றைக்கு எனக்கு வலி மட்டும்தான் நினைவிருக்கிறது.

பிறகு அந்தத் தாடிக்காரர் வந்தார். ஆக்கெர் ஆற்றங்கரையில் சின்னதாக ஒரு பியர் ஆலை வைத்திருந்தவர். நீ அங்கே போய் வேலை பழக இடம் கேட்டாய். உன் கையால் தனியாகச் செய்த ஒன்றைக் கொண்டுவா, குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் சொன்னாராம். நீ வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது உன் முகத்தை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அவர் அன்றே, "நல்லது. அதோடை துரொண்ட்ஹெய்முக்கும் ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வா. அங்கை யூனிவேர்சிட்டியிலை படிக்கிறதுக்கு என்ன இருக்கெண்டு பார். அதுக்குப் பிறகு உன்ரை விருப்பம்" என்றார். நீ வாக்குக் கொடுத்தாய். அந்தத் தேர்வுக்கான பியரை வியாழக்கிழமை தனியாகக் காய்ச்சினாய். ஆற்றக்கூட என்னைக் கூப்பிடவில்லை. க்வெய்க் என்று இந்த நாட்டுப் பழைய ஈஸ்ட் ஒன்றைப் போட்டாய். அதற்குச் சூடு வேண்டுமாம், உடம்புச் சூடு அளவுக்கு. வாளியைப் போர்வையால் சுற்றிக் குசினி மூலையில் வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை ரயில் ஏறினாய். மூடியில் இருந்த குழாய் கடகடவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு மத்தியானம் நீ துரொண்ட்ஹெய்மில் இருந்து போன் எடுத்தாய். "அம்மா, இண்டைக்கு மூண்டாம் நாள். போர்வையை எடுத்துவிடுங்கோ. அப்படியே ஆறட்டும். நான் வந்து போத்திலிலை விடுறன்." அவ்வளவுதான் சொன்னாய். நான் போர்வையை எடுத்தேன். வாளியில் கை வைத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. குழாயில் குமிழி நின்றுபோயிருந்தது. ஒரு மணித்தியாலம் ஜன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். சூடு குறையவில்லை, குமிழியும் வரவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. இந்த ஈஸ்ட் வேலையை இரண்டு மூன்று நாளில் முடித்துவிட்டு அடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. அதற்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்தேன். ஆறட்டும் என்று பிள்ளை சொன்னான், ஆறவில்லை, அப்படியென்றால் நான்தானே ஆற்றவேண்டும்? பானையைக் கொதிதண்ணீர் விட்டு மூன்று தரம் கழுவினேன். சுத்தத்தில் நான் பிழை விடவில்லை. மூடியைத் திறந்தேன். அன்னாசிப்பழமும் தோடம்பழமும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் வந்தது. வாளியில் இருந்து பானைக்கும், பானையில் இருந்து வாளிக்கும், கதிரையில் ஏறி நின்று, இருபது தரமாவது ஆற்றியிருப்பேன். நுரை வந்தது. சூடும் போனது. மூடியைப் பூட்டிவிட்டு, பிள்ளை வந்து பார்த்துச் சந்தோஷப்படுவான் என்று நினைத்துக்கொண்டு உடுப்பு மடிக்கப் போனேன். அந்த பியருடைய நல்ல மணத்தை மணந்த ஒரே ஆள் நான்தான்.

ஆறுவது வேறு, ஆற்றுவது வேறு. தமிழில் அதற்கு நடுவில் ஓர் எழுத்துத்தான். நீ ஆறட்டும் என்றாய். தானாக, அதன் பாட்டில். எனக்கு எதையும் அதன் பாட்டில் விடத் தெரியாது. இதில் வெட்கம் என்னவென்றால், வேலையிடத்தில் எனக்கு இது தெரிந்திருந்தது. சில நோயாளிகளுக்கு ஒட்சிசனைக் கூட்டிவிட்டால் நல்லதுக்குப் பதிலாகக் கெடுதல் வரும், எழுதியிருக்கிற அளவுக்கு மேல் தொடாதே என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். இருபது வருடம் நான் ஒரு நாளும் அந்த ஒட்சிசன் திருகைத் தொட்டதில்லை. வீட்டில் என் பிள்ளையின் வாளியில் மட்டும் கை வைத்தேன்.

நீ திங்கள் வந்து போத்தலில் விட்டாய். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அப்போது மறைக்க வேண்டும் என்று இல்லை, கோப்பை கழுவியதை யாராவது சொல்வார்களா? மூன்று கிழமை கழித்து நீ நாலு போத்தலைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு தாடிக்காரரிடம் போனாய். திரும்பி வந்து மேசையில் இருந்தாய். நான் இடியப்பம் வைத்தேன். "என்னவாம்?" என்று அப்பா கேட்டார். "பாப் எண்டு சொன்னவர்" என்றாய். நனைந்த காட்போட் மட்டை. அந்த ஒரு சொல்லோடு கிளாசைத் திருப்பி வைத்துவிட்டாராம். எலுமிச்சை நிறத்தில் இருக்கவேண்டிய பியர் சாயம் போன தேத்தண்ணீர் நிறத்தில் இருந்ததாம். "ஏன் அப்பிடி வரும்?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"காத்துப் பட்டிட்டுது அம்மா. பியர் ஆகினாப் பிறகு ஒரு சொட்டுக் காத்தும் படக்கூடாது. போத்திலிலை விடேக்கை நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன். அடிப்படை விஷயம். அதுகூட எனக்குச் சரியாச் செய்யத் தெரியேல்லை."

தம்பி, கதிரையில் ஏறி நின்று நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை. அதற்குள் அப்பா, "சரி விடு. துரொண்ட்ஹெய்முக்கு எழுதிப் போடு" என்றார். நீ, "ஓம் அப்பா" என்றாய். படிப்பு விஷயத்தில் இரண்டு வருடமாக நீ அவருக்குச் சொல்லாத ஓம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த இடத்தை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆற்றியது தெரியாமல் செய்த பிழை. வாயை மூடியது தெரிந்து செய்தது. அதோடு, நான் சந்தோஷப்பட்டேன். என் மகன் படிக்கப்போகிறான், இன்ஜினியராக வருவான், திருவிழாவில் யாராவது கேட்டால் மறுமொழி சொல்லலாம் என்று அந்த மேசையிலேயே என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. மறுநாள் நீ மிச்சப் போத்தல்களை ஒவ்வொன்றாகக் குசினித் தொட்டிக்குள் ஊற்றினாய். நான் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்து திறந்து உன் கையில் தந்தேன். நீ அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு எனக்கு நானே பல தரம் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மையோ தெரியாது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியாருக்கு என்னுடைய நோர்வேஜியன் விளங்கவில்லையோ என்னவோ, மகனின் பியரைப் பழுதாக்கிவிட்டேன் என்றதும் அந்தப் பக்கத்தில் சிரிப்பை அடக்குவது கேட்டது. அருள்நிறை மரியே செபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். மூன்றுடன் முடிகிற விஷயமா இது? கடவுள் மன்னித்திருப்பார், அவருக்கு அது வேலை. உன்னிடம் கேட்காமல் அவரிடம் போனது என்னுடைய கெட்டித்தனம். நாளாக நாளாக ஆறிவிடும் என்று நினைத்தேன். பார்த்தாயா, ஆறவிடவேண்டியதைப் பிடித்து ஆற்றினேன், பிள்ளையைக் கூப்பிட்டு ஆற்றவேண்டிய இடத்தில் தானாக ஆறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

நீ கைராசி என்று சொன்ன அடுத்த சனிக்கிழமை, நிலவறைச் சாமான் அறைக்குப் போய் உன்னுடைய வாளியைத் தேடி எடுத்தேன். கொப்பியும் அதற்குள் இருந்தது. பியர்ச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். தலையில் பச்சை மயிர் விட்ட ஒரு பெட்டை, யாருக்காவது பரிசாகக் கொடுப்பதற்கோ என்று கேட்டாள். இல்லை, எனக்குத்தான் என்றேன். அன்றைக்கு அவள் எனக்கு ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தாள். இந்த முறை இரண்டு காதையும் திறந்து கேட்டேன். கொதி இறங்கியதும் எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக ஆறவிடவேண்டும், ஈஸ்ட் தாங்கும் சூட்டுக்கு வரும்வரைக்கும் அலைக்கழிக்கக்கூடாது. ஈஸ்ட் போடுகிற நேரத்தில்தான் காற்று. சூடாகத் தொடங்குகிற க்வெய்க்குக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆற்றவேண்டும், ஏனென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் காற்று அவ்வளவாக நிற்காது. கையால் ஊற்றினாலே போதும்; கனமான, வெறி கூடின பியருக்குத்தான் குப்பியும் கல்லும் உண்மையில் தேவை. முதல் சில மணித்தியாலத்தில் ஈஸ்ட் அந்தக் காற்றை முழுக்கக் குடித்துவிடும். அதன் பிறகு மூடியைத் தொடாதே. எட்டிப் பார்க்காதே. குமிழி நின்றால் நிற்கட்டும். இதெல்லாம் உன் கொப்பியின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது, தம்பி. கடைசி வரிக்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தாய்.

கொப்பியில் இருந்த அந்தத் தேர்வு பியரை அப்படியே காய்ச்சினேன். வோர்ட்டரை இரண்டு சின்ன வாளியில் பிரித்தேன். இரண்டையும் ஆறியபின் ஒரே மாதிரி ஆற்றி, ஈஸ்ட் போட்டு, போர்த்திவைத்தேன். மூன்றாம் நாள் ஒன்றை அதன் பாட்டில் விட்டேன். மற்றதை அன்றைக்குச் செய்தது மாதிரியே கதிரையில் ஏறி நின்று ஆற்றினேன். போத்தலில் விட்டு, நாலு கிழமை கழித்து இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்தத் தாடிக்காரரிடம் போனேன். ஆலை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. தாடி நரைத்துவிட்டது.

எது எது என்று சொல்லாமல் இரண்டு கிளாசில் ஊற்றிக்கொடுத்தேன். முதலாவதைக் குடித்தார். திரும்பவும் குடித்தார். இது யார் செய்தது, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டாவதை வாயில் வைத்துவிட்டு, உன்னிடம் சொன்ன அதே சொல்லைச் சொன்னார். நான் முழுக் கதையையும் சொன்னேன். மகன் வந்தான், நாலு போத்தல் கொண்டுவந்தான், நீங்கள் குடித்தீர்கள், எட்டு வருடத்துக்கு முன்னால் என்றேன். மனிதர் யோசித்துப் பார்த்தார். நல்ல மனிதர், மனதை நோகடிக்கக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னார். மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் போத்தலோடு வருகிறார்கள், மன்னிக்கவேண்டும், எனக்கு நினைவில்லை என்றார். அவருக்கு உன்னையும் நினைவில்லை, அந்த பியரையும் நினைவில்லை, தம்பி. அவர் அன்றைக்கே மறந்துபோன ஒரு வாய் பியரை நீ இவ்வளவு காலமும் சுமந்திருக்கிறாய். ஹவுகெட்டோவுக்குத் திரும்பி வருகிற ரயிலில் நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். முன்னால் இருந்த பெண் எனக்குத் தன் கைலேஞ்சியைத் தந்தாள்.

வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் அன்றுவரை தெரியாது. டிவியை நிறுத்தினார். பிறகு, "அண்டைக்கு அவன் ஓம் எண்டு சொன்னது என்ரை கதையைக் கேட்டு எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார். அதற்குப் பிறகு அவரும் கொஞ்சம் குடித்தார். நல்ல போத்தலில் இருந்துதான். "இதை நீயே எழுது. நான் சொல்லமாட்டன்" என்றார்.

இப்போது இருக்கிற வாழ்க்கை பிழை என்று நான் சொல்லவரவில்லை. நீ பாலம் கட்டுகிற வேலையை விருப்பத்தோடு செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். அங்கே போகாவிட்டால் காவ்யாவைக் கண்டிருக்கமாட்டாய், அது எனக்கும் நட்டம்தான். ஆனால் அது நல்லபடியாக முடிந்ததை வைத்து நான் செய்ததை நல்லதாக்கமாட்டேன். இரண்டு கதவு திறந்திருக்கும்போது ஒன்றைத் தேர்ந்து போவது வேறு, ஒன்று முகத்தில் அடித்துச் சாத்தப்பட்டதால் மற்றதால் போவது வேறு. அந்தத் தேர்வை உனக்குத் தெரியாமல் உன்னிடம் இருந்து எடுத்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாழப்போகிறீர்கள். என்னிடம் இருந்து ஒரு புத்தி எடுப்பதென்றால் இதை எடு. பிழை விட்டால் சோறு ஆறுவதற்குள் சொல்லிவிடு. மறுநாள் சொல்வது அதைவிடக் கஷ்டம், அடுத்த வருடம் சொல்வதற்கு வாயே வராது.

சனிக்கிழமை காலை ரயிலில் அப்பா வருகிறார். அவருடைய பெட்டிக்குள் இந்தக் கடிதமும் பன்னிரண்டு போத்தலும் இருக்கும். பதினொன்று சிவப்பு மூடி போட்டவை, நீ எழுதியபடியே செய்து, யாரும் கை வைக்காதவை. வெள்ளை மூடி போட்டது ஒன்றே ஒன்று, அது நான் கெடுத்தது. நான் வரவில்லை. வந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் அழுவேன், பிறகு நீ உன் கோபத்தை விழுங்கிவிட்டு என்னைத் தேற்றவேண்டி வரும். அந்தக் கோபம் உனக்குரியது, அதை விழுங்காதே. கல்யாணத்துக்கு இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது. பியருக்கு ஐந்து போதும். காய்ச்சுவதும் காய்ச்சாததும் உன் விருப்பம். நான் ஒரு சொல் சொல்லமாட்டேன்.

இரண்டு மூடியையும் திறக்கிறபோது காவ்யாவையும் பக்கத்தில் இருத்திவைத்து, இந்தக் கடிதத்தை அவளுக்கு உரத்து வாசி. என்னுடைய எழுத்து அவளுக்கு விளங்காத இடத்தில் நீ சொல்லிக்கொடு. மாமி நன்றாகச் சமைப்பா, நல்ல மனுசி என்று அந்தப் பிள்ளைக்கு எல்லாரும் சொல்லி வைத்திருக்கிறார்கள். என்னுடைய மகளாக வருவதற்கு முதல் அவள் இதையும் கேட்டுவிட்டு வரட்டும்.

அம்மா